உவ்வளவு பெறாது

ஒரு கத்தரிக்காயைக்கூட அக்கா பார்த்தவுடன் வாங்கியதை நான் கண்டதில்லை. கையில் எடுப்பார், காம்பைத் திருப்பிப் பார்ப்பார், பிறகு கடைக்காரருக்கும் கேட்கும் குரலில், “நல்ல சாமான்தான். ஆனா உவ்வளவு பெறாது” என்பார். சாமான் நல்லது என்று முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுவதால் கடைக்காரருக்குக் கோபிக்கவும் வழியில்லை. அஜின்கோர்ட்டில் இருந்த சேலைக்கடைக்காரர் ஒருவர், அக்கா கதவைத் திறப்பதைக் கண்டால் தேநீர் போடப் பின்னறைக்குப் போய்விடுவார்.

அவர் என் சொந்த அக்கா அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில், ஒரே மேசையில் எதிரும் புதிருமாக இருந்து வேலை செய்தோம். கார்களுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் போடுகிற றப்பர் வளையங்கள் அங்கே செய்தார்கள். வெடிப்புள்ள வளையங்களைப் பார்த்து ஒதுக்குவது எங்கள் வேலை. எனக்கு முப்பது வயது, அவருக்கு நாற்பத்திரண்டு. ஊரில் பதினொரு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சாமான் வாங்கிப் போட்டவர். கலியாணம் செய்யவில்லை. தமக்கையின் குடும்பத்தோடு அஜின்கோர்ட்டில் இருந்தார்.

நானும் என் கணவரும் அஜக்ஸில் ஒரு வீடு பார்த்தோம். முற்பணம் கட்டுவதற்கு முதல்நாள் அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டினோம். குசினி அலுமாரிகளைத் திறந்து மூடினார். படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினார். வீடு விற்கிற பெண்ணும் தமிழ்தான், பக்கத்திலேயே நின்றாள். அக்கா அதே வசனத்தைச் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆனால் முற்பணம் கட்டவில்லை. அடுத்த வருடம் வீட்டு விலைகள் மளமளவென்று விழுந்தன. அதற்குப் பிறகு ஒரு ரீவி வாங்குவதென்றாலும், “அக்காவை ஒருக்காக் கேளும்” என்பார் அவர்.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் சாப்பாட்டு அறையில் புட்போல் ஏலத்துக்குள் வந்து விழுந்தார்.

எங்களுக்குப் புட்போல் என்றால் காலால் உதைப்பது. இந்த நாட்டில் அந்தப் பெயரில் ஒரு முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து கையால் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் சுப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஏலம் வைப்பார். சேருகிற ஒவ்வொருவருக்கும் நூறு றப்பர் வளையம். அவர் ஒவ்வொரு வீரனாகப் பெயர் சொல்லிக் கூவுவார். வளையம் கூடக் கேட்டவருக்கு அந்த வீரன். பிறகு திங்கட்கிழமைப் பேப்பரைப் பார்த்து, அவரவர் ஆட்கள் விளையாடியதற்கு ஏற்பப் புள்ளிகள். நவம்பரில் முதலாவதாக வருகிறவருக்கு யன்னலோரக் கதிரை ஒரு வருடத்துக்குச் சொந்தம். அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு யன்னல்.

சுப்பர்வைசர் நியூஃபண்ட்லாந்துக்காரர். கதவு நிலையளவு தோள். இடது முழங்கால் மடியாது. அந்த வருடம் பந்து பிடிக்கிற ஒருவனின் பெயரை அவர் பாடுவதுபோலச் சொன்னார். அறையே எழும்பியது. அறுபது, எழுபது, எண்பத்தைந்து என்று கத்தினார்கள். அக்கா புட்டைச் சம்பலில் குழைத்தபடி என்னிடம், “உவன் என்ன செய்யிறவன்?” என்று கேட்டார்.

“பந்து பிடிக்கிறவன், அக்கா. பெரிய ஆளாம். மின்னல் மாதிரி ஓடுவானாம்.”

“ஒரு ஆட்டத்திலை எத்தினை தரம் பிடிப்பான்?”

எனக்குத் தெரியவில்லை. சுப்பர்வைசரிடம் கேட்டேன். நல்ல நாளென்றால் ஏழு, எட்டு என்றார் அவர்.

“எட்டுத் தரம் பிடிக்கிறதுக்கோ எண்பத்தைஞ்சு வளையம்?” அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “நல்ல சாமான்தான். ஆனா உவ்வளவு பெறாது எண்டு சொல்லும்.”

நான் சொன்னேன். அறை சிரித்தது. சுப்பர்வைசர் மட்டும் சிரிக்காமல், நூறு வளையத்தை எண்ணி அக்காவின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டார். “அப்படியானால் வாங்கிக் காட்டச் சொல்” என்றார்.

அக்கா வாங்கிக் காட்டினார். ஆட்டத்தைப் பற்றி அந்த அரை மணித்தியாலத்தில் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. பந்தை எறிகிறவன் யார்? அவன் எறியும்வரைக்கும் அவனை ஏன் ஒருவரும் விழுத்துவதில்லை? முன்னால் ஐந்து தடியன்கள் நின்று மறிக்கிறார்கள் என்று சுப்பர்வைசர் சொன்னதும் அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. எறிகிறவன் விழாமல் நின்றால் புள்ளி என்று அந்த ஐந்து பேரை ஒரு கட்டாக ஏலத்தில் வைப்பது வழக்கம், ஆனால் யாரும் கேட்பதில்லை. அக்கா ஒரு வளையத்துக்கு வாங்கினார். காலால் உதைத்துப் புள்ளி எடுப்பவனைப் பெண்களுக்கான வேலை செய்பவன் என்று எல்லோரும் பகிடி பண்ண, அவனை மூன்று வளையத்துக்கு வாங்கினார். இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று சொல்லப்பட்ட பந்து பிடிப்பவர்கள் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டார். நவம்பரில் யன்னலோரக் கதிரை அக்காவுக்கு வந்தது. மறு வருடமும் வந்தது.

தோற்ற சுப்பர்வைசர் ஒரு நாள் தன் கோப்பையோடு எங்கள் மேசைக்கு வந்தார். நான் நடுவில் இருந்து இரண்டு பேருக்கும் மொழிபெயர்த்தேன்.

“அந்த ஒருவனுக்குக் கொடுக்காமல் எப்படி?” என்றார் அவர். “சனம் ரிக்கற் வாங்கி வருவதே அவனைப் பார்க்கத்தானே.”

“சனம் வரட்டும்” என்றார் அக்கா. “அவன் தானாப் பிடிக்கிறேல்லை. எறியிறவன் நிண்டு எறியவேணும். அவன் நிக்கிறதெண்டா முன்னாலை ஆக்கள் மறிக்கவேணும். எல்லாத்தையும் ஒருத்தனுக்குக் குடுத்திட்டு மிச்சம் ஆரை வைச்சு மறிக்கிறது?”

சுப்பர்வைசர் கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு, பள்ளிக்கூடக் காலத்தில் தொடங்கி ஏழு வருடம் தான் மறிக்கிறவனாக விளையாடியதைச் சொன்னார். முழங்கால் அதில்தான் போனதாம். பெயர் ஒரு நாளும் பேப்பரில் வந்ததில்லை.

“பாத்தீரே!” என்று அக்கா என்னைப் பார்த்தார்.

“ஆனால் அவளிடம் சொல்,” என்றார் சுப்பர்வைசர். “நான் எதற்காக மறித்தேன் தெரியுமா? நிலத்தில் விழுந்து கிடந்தபடி, அவன் ஓடுவதைப் பார்ப்பதற்காக.”

நான் மொழிபெயர்த்தேன். அக்கா தன் தேநீர்ப் போத்தலை எடுத்து அவருடைய கோப்பையை நிரப்பினார். அவர் விட்டுக்கொடுத்த முதல் வாதம் அதுவென்று நினைக்கிறேன்.

எங்கிருந்து இந்தக் கணக்குப் பார்க்கும் குணம் வந்ததென்று நான் கேட்டதில்லை. ஒரு பின்னேரம் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அவராகச் சொன்னார். ஊரில் தமக்கைக்கு ஓர் என்ஜினியர் மாப்பிள்ளை பேசி வந்தது. ஊரெல்லாம் போட்டி. அக்காவின் தகப்பன் விடவில்லை. வீடு, வயல், தாயின் நகை எல்லாம் அந்த ஒரு கலியாணத்தோடு போயிற்று. பிறகு அக்காவுக்கு வந்த மூன்று பேச்சுக்கால்கள், கொடுக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வந்த வழியே போய்விட்டன. அந்த என்ஜினியர் ரொறன்ரோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தானிலை ஒரு குறையும் சொல்லேலாது, பிள்ளை. என்னைத் தன்ரை வீட்டிலை வைச்சிருக்கிறார். ஒரு நாள் முகம் கோணினதில்லை. தங்கமான மனிசன்.” பஸ் சிவப்பு விளக்கில் நின்றது. “ஆனா அவ்வளவு பெறேல்லை.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தமக்கையின் மகளுக்கு ஏழு வயது. அந்தப் பிள்ளையை அக்காதான் வளர்த்தார் என்று சொல்லலாம். தலை இழுத்துப் பின்னுவது, சாப்பாடு கட்டுவது, பல்லு விழுந்தால் அதைக் கடுதாசியில் சுற்றி வைப்பது எல்லாம் சித்திதான். அந்தப் பிள்ளைக்கு வாங்கும்போது மட்டும் அக்கா விலை கேட்பதில்லை. அதை நான் அவருக்குச் சுட்டிக்காட்டினேன். “அது வேறை” என்று பேச்சை முடித்துவிட்டார்.

இரண்டாவது வருட செப்ரெம்பரில் சுப்பர்வைசர் எங்கள் எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸை அன்றைக்கு வாடகைக்கு அமர்த்தியிருந்தார். ஓட்டி வந்தவர் தமிழர். மட்டக்களப்புப் பக்கம். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயதிருக்கும். மனைவியை ஊரில் இழந்தவர், பிள்ளைகள் இல்லை. பஸ்ஸில் காத்திருக்கிறேன் என்று நின்றவரை, ஒரு ரிக்கற் மிச்சம் இருந்ததால் சுப்பர்வைசர் உள்ளே இழுத்து வந்தார். அக்காவுக்குப் பக்கத்துக் கதிரை அவருக்குக் கிடைத்தது.

எண்பத்தைந்து வளையத்துக்குப் போன அந்தப் பெரிய ஆள்தான் அன்று விளையாடினான். முக்கால்வாசி ஆட்டம் அவன் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு தரம் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான். அக்காவுக்கு நல்ல சந்தோசம். மடியில் முறுக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தார்.

பிறகு அது நடந்தது. பந்து எங்கேயோ போகிறது, ஒருவருக்கும் எட்டாது என்றுதான் நினைத்தேன். அவன் ஓடிக்கொண்டே திரும்பாமல் எழும்பினான். எழும்பினவன் கீழே வர மறந்துவிட்டதுபோல இருந்தது. ஒரு கையால் எடுத்தான். அக்கா “ஐயோ!” என்று கத்திக்கொண்டு எழுந்தார். முறுக்குப் பெட்டி விழுந்து கதிரைகளுக்குக் கீழே எல்லாம் சிதறியது. அவர் பதறிக் குனிய, பஸ் ஓட்டி வந்தவர் அவருக்கு முன்னாலே குனிந்துவிட்டார்.

“விடுங்க, நான் பொறுக்கிறன். நீங்க பாருங்க” என்றார்.

அக்கா பார்த்தார். அவன் ஐம்பது யார் தூரம் ஓடி முடித்து, பந்தை நிலத்தில் வைத்து, சனம் கத்தி ஓயும்வரை நின்று பார்த்தார். அந்த மனிதர் கதிரைக்குக் கீழே இருந்து எழும்பும்போது எல்லாம் முடிந்திருந்தது. “என்ன, பிடிச்சிட்டாரா?” என்று கேட்டார். முறுக்கெல்லாம் பெட்டிக்குள் இருந்தது. உடைந்தவை ஒரு பக்கம், உடையாதவை ஒரு பக்கம்.

திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸில் முன்கதிரையில் இருந்து, அந்த ஓட்டத்தை அவருக்குத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். தமக்கையின் மகள் பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸும் அவருடையதுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அக்காவின் பேச்சில் “அந்த மனிசன்” என்ற சொல் வந்தபடி இருந்தது. அந்த மனிசன் பனிக்குள்ளே பிள்ளைகள் நிற்கக்கூடாதென்று ஐந்து நிமிடம் முந்தி வருவாராம். அந்த மனிசன் மீன்குழம்புக்குப் பழப்புளிதான் விடுவாராம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார் என்று பயம்.

மூன்றாவது வருட ஏலத்தில் சுப்பர்வைசர் மறுபடி அந்தப் பெரிய ஆளின் பெயரைப் பாடினார். எழுபது, எண்பது என்று ஏறியது. அக்கா கையை உயர்த்தி, ஆங்கிலத்தில், “தொண்ணூற்றைந்து” என்றார். சுப்பர்வைசர் தனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். அக்கா மறுபடி சொன்னார்.

“அக்கா, என்ன செய்யிறியள்?” என்றேன்.

“கூடத்தான். தெரிஞ்சுதான் கேட்டனான்.”

“பிறகேன்?”

“எண்டைக்கெண்டாலும் ஒருக்காக் கூடக் குடுத்துப் பாக்கவேணும் எண்டு ஆசை வந்திட்டுது.”

மிச்ச ஐந்து வளையத்துக்கு யாருக்கும் வேண்டாத ஆட்களை அள்ளினார். நாலாவது ஆட்டத்தில் அந்தப் பெரிய ஆளுக்குத் தொடைத்தசை இழுத்துக்கொண்டது. அந்த வருடம் முழுக்க அவன் திரும்பி வரவில்லை. அக்கா கடைசி இடம். பேப்பரைப் பார்த்த அன்று என்னிடம் ஓடி வந்து, “நான் அப்பவே சொன்னனானெல்லே, பிள்ளை! ஒருத்தனிலை எல்லாத்தையும் கொட்டக்கூடாது எண்டு! சரியாப் போச்சு!” என்றார். தன் கொள்கை தன் செலவிலேயே நிரூபணமானதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அதே வருடம் ஆகஸ்டில் அந்த மனிதர் அக்காவைக் கலியாணம் செய்யக் கேட்டார். ஒன்றும் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள் என்றாராம். அக்கா அன்றிரவே தமக்கையிடம் சொன்னார். மறுநாள் மேசைக்கு எதிரே வந்து இருந்தவரின் கண் வீங்கியிருந்தது. நல்ல வளையங்களையெல்லாம் வெடிப்புப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நான் எடுத்து மாற்றிப் போட்டேன்.

தமக்கை கேட்டது இதுதான்: “அப்பா உனக்கு ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை எண்டு எனக்குக் குத்திக் காட்டத்தானே இப்ப ஒரு பஸ் ஓட்டுறவனைக் கட்டப்போறாய்?”

அக்கா இல்லையென்று சொல்லியிருக்கிறார். தமக்கை நம்பவில்லை. மட்டக்களப்பான், ஆர் எவர் என்று தெரியாது, நாலு சனத்துக்கு முன்னால் என்ன சொல்லுவது என்று பேச்சு வளர்ந்து, கடைசியில், “போறதெண்டால் போ. பிள்ளையைப் பாக்க இந்தப் பக்கம் வரப்படாது” என்பதில் வந்து நின்றது. அத்தான் இடையில் வந்து ஏதோ சொல்லப் பார்த்தாராம். தமக்கை அவரையும் விடவில்லை.

“பிள்ளையை விட்டிட்டு என்னண்டு போறது?” என்றார் அக்கா.

“அப்ப போகாதேங்கோ.”

அவர் ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி இருந்தார். “போறன்” என்றார் பிறகு. “எனக்குப் போகவேணும் போலை இருக்கு, பிள்ளை. நாற்பத்தினாலு வயசிலை எனக்கு இது வந்திருக்கு. வெக்கமாக்கூட இருக்கு. ஆனாப் போறன்.”

செப்ரெம்பரில் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கலியாணம் வரைக்கும் எங்களோடுதான் இருந்தார். பின்னேரம் பள்ளிக்கூடம் விடும் நேரமானால் மணிக்கூட்டைப் பார்ப்பார். கூறைச்சேலை வாங்க அவர் தனியாகத்தான் போனார். அன்று மாலை சேலைக்கடைக்காரர் எனக்குப் போன் எடுத்து, “அக்காவுக்குச் சுகமில்லையோ? சொன்ன விலையைக் குடுத்திட்டுப் போறா” என்று கவலையாகக் கேட்டார்.

ஒக்ரோபரில் ஒரு வேலைநாளில், காலை பஸ் ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில், பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்து நானும் சுப்பர்வைசரும். சுப்பர்வைசர் தோள் பிதுங்கும் ஒரு பழைய கோட் சூட்டில் வந்திருந்தார். பதிவுகாரர் வரப் பிந்திவிட்டது. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது பள்ளிக்கூடம் விட இருபது நிமிடம்தான் இருந்தது. மாப்பிள்ளை மஞ்சள் பஸ்ஸைப் பார்த்தார், பொம்பிளையைப் பார்த்தார்.

“நானும் வாறன்” என்றார் அக்கா. விதிப்படி அது கூடாது. ஆனாலும் ஏறினார். நானும் ஏறினேன்.

கூறைச்சேலைக்கு மேலே தொழிற்சாலைக்குப் போடும் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் பூவோடு, முன்கதிரையில் இருந்தார் அக்கா. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஏறி, அவரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போனார்கள். ஏழாவதோ எட்டாவதோ ஆக அந்தப் பிள்ளை ஏறியது. அது இரண்டு படி ஏறி அப்படியே நின்றுவிட்டது.

“சித்தி? வை ஆர் யூ ஒன் மை பஸ்?”

அக்கா கையை நீட்டினார். பிள்ளை புத்தகப்பையோடு வந்து மடியில் ஏறி இருந்துகொண்டு, அவருடைய தலைப்பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. ஐந்து வாரம் கழித்துப் பார்க்கிறார்கள். முன்பல்லு ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

தமக்கையின் தெருமுனையில் பஸ் நின்றது. பள்ளிக்கூட பஸ் நின்றால் அதன் பக்கத்தில் சிவப்புப் பலகை விரியும், விளக்குகள் மின்னும், இரண்டு பக்கத்துக் கார்களும் நிற்கவேண்டும். எல்லாம் நின்றன. கதவு திறந்தது. பிள்ளையைக் கூட்டிப்போகத் தமக்கை கீழே நின்றுகொண்டிருந்தார்.

அவர் முதலில் பார்த்தது பிள்ளையைத்தான். பிறகு பூவை, கூறையை, தங்கையை. ஓட்டுநர் கதிரையில் இருந்தவர் இரண்டு கையையும் சுக்கானில் வைத்தபடி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கார் ஹோர்ண் அடித்தது.

தமக்கை ஒரு படி ஏறினார். இன்னொரு படி ஏறினார். குனிந்து, பஸ் தரையில் இருந்த சேற்று ஈரத்தில் இழுபட்டுக்கொண்டிருந்த கூறைச்சேலைக் கொசுவத்தை இரண்டு கையாலும் தூக்கி உதறி, அக்காவின் மடியில் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

“கூறைக்கு மேலை உந்தக் கோட்டையே போட்டனி?”

“குளிருது, அக்கா.”

தமக்கை பிள்ளையைத் தூக்கி இறக்கினார். இறங்கி, நடைபாதையில் நின்று, பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு திரும்பி, பஸ்ஸுக்குள்ளே ஓட்டுநர் கதிரையைப் பார்த்துச் சொன்னார்.

“மிச்சப் பிள்ளையளை இறக்கிப்போட்டு ரண்டு பேருமா வாங்கோ. சோறு போடுறன்.”

அவர் அப்போதுதான் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்துத் தலையாட்டினார். கதவை மூட மறந்துபோனார். சிவப்புப் பலகை விரிந்தபடியே இருந்தது. இரண்டு பக்கமும் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. தமக்கையும் பிள்ளையும் வீட்டுக்குள் போகும்வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.